நீலக் கடிதத்தில் இடம் போதாது

அன்பான நேயர்களே, வணக்கம்.

இரவில் படுக்கப் போகுமுன் ஒரு கொப்பியில் நாலு வரி எழுதுகிற பழக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அன்று என்ன நடந்தது, எது மனதைக் குடைகிறது என்று நமக்காக நாமே எழுதிவைப்பது. அது எழுத்தாளர்களின் வேலை என்று நினைத்து வானொலியை நிறுத்திவிடாதீர்கள். கடைக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இதுவும் வரும்.

இந்த எண்ணம் எனக்கு எங்கே முளைத்தது என்று முதலில் சொல்கிறேன். நான் தபாலகத்தில் வேலை பார்த்தவன். எண்பதுகளின் கடைசியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு சின்னத் தபாலகத்தில் இருந்தேன். மண்முனைப் பாலம் 2014 இல்தானே வந்தது. அதற்கு முன்னர் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் போக வேண்டும். பாதை மறுகரையில் நின்றால் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உங்களில் பலர் அப்படி நின்றிருப்பீர்கள்.

பிள்ளைகள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கியிருந்த காலம். எழுதத் தெரியாத தாய்மார் மத்தியானம் கழிந்து, சனம் குறைந்த நேரமாகப் பார்த்து வருவார்கள். எயரோகிராம் என்கிற நீலக் கடிதம் ஞாபகம் இருக்கிறதா? மடித்து, ஓரத்துப் பசையை நனைத்து ஒட்டினால் அதுவே உறை. உள்ளே வேறு தாள் வைக்க முடியாது. எவ்வளவு சிறிதாக எழுதினாலும் அந்த ஒரு தாளுக்குள் முடித்தாக வேண்டும்.

மாதம் ஒருமுறை வருகிற ஒரு தாய். மகள் குவைத்தில் வீட்டு வேலை. பேரன் இவருடன். எப்போதும் "நாங்கள் சுகம், நீ சுகமா இரு" என்பதோடு முடிந்துவிடும். ஒரு நாள் வந்து வாங்கில் இருந்ததும் இருக்காததுமாக, "மனே, இண்டைக்கு ஏசி எழுது" என்றார். மகள் அனுப்புகிற காசு மருமகனின் கையில் கரைகிறது, வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை, பேரன் பள்ளிக்கூடம் போவதில்லை. அரை மணித்தியாலம் சொன்னார். பக்கம் நிறைந்துவிட்டது. "அம்மா, இனி நாலு வரிக்குத்தான் இடம் இருக்கு, எது முக்கியமோ அதைச் சொல்லுங்கோ" என்றேன். "எழுதினத ஒருக்காப் படி" என்றார். படித்தேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "இத அவளுக்கு எழுதி என்ன மனே? அவள் அங்க கிடந்து அழுவாள். இத நான் மருமகனுக்கெல்லோ முகத்துக்கு நேர சொல்லணும்."

இன்னொரு நீலக் கடிதத்துக்குக் காசு எண்ணி வைத்தார். அதில் எழுதச் சொன்னது: உன்ட மகனுக்கு முன்பல் விழுந்துட்டு, சிரிச்சா ஓட்டை தெரியுது. முதல் கடிதத்தை நான் கிழிக்கப் போனேன். விடவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர், ஆனால் அந்தத் தாளை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

அன்று வீடு போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். அவருக்கு நான் ஒரு புத்தியும் சொல்லவில்லை. அவர் சொன்னதைத் திருப்பிப் படித்தேன், அவ்வளவுதான். மனதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது தாளில் இறங்கியதும், யாரிடம் பேச வேண்டியது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் எழுதும்போது நடந்ததை எழுதுங்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். "மனக்கவலை", "வாழ்க்கை வெறுத்துவிட்டது" என்று எழுதினால் அடுத்த வாரம் படிக்கும்போது என்ன கவலை என்று உங்களுக்கே தெரியாது. திகதியைப் போடுங்கள். யார் வந்தது, என்ன சொன்னார், எவ்வளவு காசு என்று எழுதுங்கள். எங்கள் அப்பா வயற்கணக்கு எழுதிய கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. விதைநெல், உழவுக்கூலி, உரம், எல்லாம் வரிசையாகப் போகும். நடுவில் 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த நாள். அதன் கீழே இப்படி இருக்கிறது: "கூரை போனது. தென்னை 14 விழுந்தது. பிள்ளைகள் சுகம்." அடுத்த வரியில் மறுபடியும் கணக்கு. பயந்தேன், அழுதேன் என்று ஒரு சொல் இல்லை. ஆனால் அந்தச் "சுகம்" என்ற சொல்லில் மட்டும் பேனை தாளைக் கிழித்திருக்கிறது. அந்த இடத்தை நான் விரலால் தடவிப் பார்ப்பதுண்டு.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். இருந்த வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இளையவளுக்கு? கடன் எடுப்பதா, வயலை விற்பதா? நித்திரை இல்லை. தினமும் கொப்பியில் அதையேதான் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலில் இருந்து படித்துப் பார்த்தேன். "ஊர் என்ன சொல்லும்" என்ற வசனம் ஒன்பது இடத்தில் இருந்தது. இளைய மகள் என்ன சொல்கிறாள் என்பது ஓரிடத்திலும் இல்லை. நான் அவளிடம் கேட்கவே இல்லை, நேயர்களே! அன்று பின்னேரம் கேட்டேன். "அப்பா, அக்காட வளவுக்குப் பின்னால ரெண்டு அறை போதும். வயல விக்க வேணாம்" என்றாள். மூத்தவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இது புதுப் பழக்கமும் அல்ல. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 இல் தொடங்கி 1761 இல் இறக்கும் காலம் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, வியாபாரம், ஆளுநர் டூப்ளே சொன்னது, தன் வீட்டு விசயம் எல்லாம் அதில் இருக்கின்றன. இன்று சரித்திர ஆசிரியர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். அமெரிக்காவில் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. மாணவர்களை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த விசயத்தை எழுதச் சொன்னார். நடந்ததையும் அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் அதற்குப் பிறகு வைத்தியரிடம் போனது குறைந்தது. அதைக் கேள்விப்பட்டபோது அந்தத் தாயின் இடுப்பில் இருந்த நீலத் தாள்தான் என் நினைவுக்கு வந்தது.

ஆனால் ஒன்று. நித்திரையே வராமல், உயிரோடு இருக்கவே பிடிக்காமல் இருந்தால் கொப்பியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். எந்தக் கொப்பி, எந்த நேரம், வீட்டில் மற்றவர்கள் எடுத்துப் படித்தால் என்ன செய்வது என்று சொல்ல வைத்திருந்தேன், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். வீட்டில் எழுத முடியாத அம்மம்மா, அப்பப்பா இருந்தால், பிள்ளைகளே, இண்டைக்கு இரவு பக்கத்தில் இருந்து நீங்கள் எழுதுங்கள். அவர்கள் சொல்கிற சொல்லையே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அப்புறம் அதை அவர்களுக்கு ஒருக்கால் படித்துக் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.