விரலா, குரலா? விரலே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கணினியை இயக்க ஏற்றது விரலா, குரலா என்பது நம் பட்டிமன்றத் தலைப்பு. எதிரணித் தலைவி, "இனி கணினியிடம் வாயைத் திறந்தால் போதும், கீபோர்டும் மவுஸும் பரணுக்குப் போய்விடும்" என்று முடித்தார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். எதால் தட்டினோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குரல் வேகமானது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். பேசுகிற வேகத்துக்கு நம்மில் பலரால் தட்டச்சு செய்ய முடியாது. ஆனால் கொட்டினால் மட்டும் போதுமா, அள்ள வேண்டாமா? போன வாரம் ஒரு விடுப்புக் கடிதத்தைப் போனில் வாயாலேயே சொல்லிப் பார்த்தேன். அரை நிமிடத்தில் முடிந்தது. 'நாளை' மட்டும் 'நாலை' என்று விழுந்திருந்தது. "இரண்டாவது வரியில் அந்தச் சொல்லை மாற்று" என்றேன். அதையும் கடிதத்தில் எழுதிக்கொண்டது. "ஐயோ, அது இல்லை" என்றேன். அதுவும் சேர்ந்தது! அப்படியே அனுப்பியிருந்தால் நிரந்தர விடுப்பே கிடைத்திருக்கும். கடைசியில் திரையில் விரலால் ஒரு தட்டு, ஓர் எழுத்து அழிப்பு. வேலை முடிந்தது.

'இது', 'அங்கே', 'இங்கிருந்து அதுவரை'. இவையெல்லாம் விரல் இல்லாவிட்டால் பொருளற்ற சொற்கள். மவுஸை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பர்ட்டுக்கு இது புரிந்திருந்தது. 1964-ல் அவர் குழு செய்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டை. அடியில் இரண்டு சக்கரம், அவ்வளவுதான். 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நடந்த 90 நிமிடச் செயல்விளக்கத்தில் மவுஸை மேடையில் இயக்கிக் காட்டினார். வலது கையில் மவுஸ், இடது கையில் ஐந்தே விசைகள் கொண்ட ஒரு சிறு பலகை. இன்றும் நம் மேசைகளில் அந்த மரக்கட்டையின் பேரன்கள்தான் இருக்கிறார்கள்.

அடுத்து, காற்றில் கையை ஆட்டினாலே போதும் என்றார் இன்னொரு நண்பர். 2010-ல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் என்ற வீடியோ விளையாட்டுக் கருவி அப்படித்தான் வந்தது. 2017-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். காரணம் பல இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒன்றை நீங்களே சோதித்துப் பாருங்கள். கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, நான் பேசி முடிக்கும்வரை அப்படியே வைத்திருங்கள். இந்த வலிக்குக் கணினித் துறையில் 'கொரில்லா கை' என்றே பெயர்.

பார்வையற்றோருக்குக் குரல்தானே வழி என்று ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி, சற்று நிதானமாகப் பார்ப்போம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்து வேலை செய்பவர் அருகில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கணினிதான் பேசும், நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் பேசும். அவரோ பெரும்பாலும் கீபோர்டில்தான் பதில் சொல்வார். எஃப், ஜே விசைகளில் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அதில் சுட்டுவிரல் உட்கார்ந்துவிட்டால் மற்ற விசைகளெல்லாம் தானாக வசப்படும். காதுக்குக் குரல், கணினிக்கு விரல். கையை அசைக்கவே முடியாதவருக்குக் குரல் பெரிய வரம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தலைப்பு எல்லோரையும் பற்றியது.

அப்புறம் கடவுச்சொல். கூட்டம் நிறைந்த பேருந்தில் எதிரணியினர் அதை உரக்கச் சொல்லட்டும், நான் பேச்சை இப்போதே முடித்துக்கொள்கிறேன்!

இதோ, மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, "நேரம் முடிந்தது" என்று வாயாலேயே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மைக்கும் இருக்கிறது. ஆனாலும் உங்கள் விரல்தான் அந்தப் பொத்தானைத் தேடிப் போனது. நன்றி, வணக்கம்.