கு. அழகிரிசாமி: குரலை உயர்த்தாத எழுத்து

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, வணக்கம்.

கரிசல்காட்டு எழுத்தாளர் ஒருவரைப் பற்றி இங்கே வந்து ஏன் பேச வேண்டும் என்று யாரும் கேட்கலாம். கு. அழகிரிசாமி நமக்கு வெளியாள் இல்லை. 1950களில் கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேசன்' பத்திரிகையில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர். 1957இல்தான் ஊர் திரும்பினார். எழுத ஆசைப்பட்ட நம் இளைஞர்களைக் கூட்டி வைத்துக் கதை எழுதுவது பற்றிப் பேசியவர். அந்த உறவு ஒரு பக்கம் இருக்கட்டும். நம் கதைகளில் நான் காணும் ஒரு குறைக்கு அவருடைய நடையில் மருந்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் ஊர் இடைசெவல், கோவில்பட்டிக்குப் பக்கம். கி. ராஜநாராயணனுக்கும் அதே ஊர். இருவரும் இளம் வயதுத் தோழர்கள். சாகித்ய அகாதெமி விருது இருவருக்கும் கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970இல், அவர் காலமான பிறகு, கி.ரா.வுக்கு 1991இல். ஒரே மண், ஆனால் நடை வேறு. கி.ரா. கரிசல் பேச்சையே கதை சொல்லும் மொழியாக்கிக்கொண்டார். அழகிரிசாமியோ எல்லோருக்கும் புரிகிற பொதுத் தமிழில் கதை சொல்வார். வட்டாரச் சொல்லை அளந்துதான் போடுவார். அப்படியானால் கரிசல் எங்கே இருக்கிறது? அவருடைய மனிதர்கள் நடந்துகொள்கிற விதத்தில் இருக்கிறது.

'ராஜா வந்திருக்கிறார்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி நேரம். தாயம்மாள் வீட்டில் வறுமை. அங்கே உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். பெயர் ராஜா. தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டுகிறாள், புதுத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுகிறாள். அவ்வளவுதான். 'கருணைக் கடல்' என்று ஆசிரியர் அவளுக்குப் பட்டம் சூட்டவில்லை. மறுபக்கம் பணக்கார வீட்டுப் பையன், தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேசுகிறான். அங்கே வந்திருப்பது ஜமீன் வீட்டு மாப்பிள்ளை. எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள் தாயம்மாளின் மகள் மங்கம்மாள். அந்தச் சிறுமி தத்துவம் எதுவும் பேசவில்லை. விளையாட்டில் விட்டுக்கொடுக்காத பிள்ளை, தன் முறை வந்ததும் பதில் சொல்கிறாள். நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

'அன்பளிப்பு' இன்னும் அடங்கிய கதை. மற்றப் பிள்ளைகளுக்கு டைரி கொடுத்த பெரியவர், ஸாரங்கனை விட்டுவிடுகிறார். அவன் அழுது அடம்பிடிக்கவில்லை. அவரை வீட்டுக்கு அழைத்துப் போய், தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் தனக்கு அன்பளிப்பாகத் தந்ததுபோல் அதில் எழுதச் சொல்கிறான். கதை அங்கே முடிகிறது. அந்தப் பெரியவரின் மனம் என்ன பாடுபட்டது என்று ஒரு பத்தி எழுத யாருக்கும் கை ஊறும். அழகிரிசாமி எழுதவில்லை. தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று அது என்பேன்.

சரி, நம் பக்கம் வருவோம். தோட்டத்துக் கதை என்று என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே கண்ணீர் ஆறாக ஓடுகிறது. கங்காணி கொடியவன், துரை கல்நெஞ்சன், அம்மா தியாகச் சுடர். பட்ட துன்பம் பொய்யில்லை. ஆனால் எழுதுகிறவரே அழுது முடித்துவிட்டால் படிக்கிறவருக்கு என்ன மிச்சம்?

விடியற்காலை மழையை நினைத்துப் பாருங்கள். ரப்பர் மரத்தின் வெட்டுப் பட்டை நனைந்தால், பால் மங்குக்குள், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்துக்குள், இறங்காமல் மரத்தோடு வழிந்து போகும். அன்றைக்கு வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. தகரக் கூரையில் சத்தம் கேட்டதும், நெற்றியில் கட்டிய விளக்கை அவிழ்த்து ஆணியில் மாட்டுகிறாள் அம்மா. "இன்னிக்குப் பெரட்டு இல்லியாம்மா?" என்று சின்னவன் சந்தோஷமாகக் கேட்கிறான். பெரட்டு என்றால் விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது. அம்மா வீட்டில் இருக்கப் போகிறாள் என்பது அவன் கணக்கு. அவள் அரிசி டின்னைத் திறந்து பார்க்கிறாள். இதற்கு மேல் ஒரு சொல் வேண்டுமா? லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த உங்களுக்கு இதுபோல் நூறு தெரியும். மங்கு, வாளி, உறைந்து ஒட்டிய ஒட்டுப்பால், மர வரிசையான நிரை எல்லாம் நம் சொற்கள். அவற்றை அலங்காரமாகத் தூவாமல், கதைக்குத் தேவையான இடத்தில் வையுங்கள்.

அழகிரிசாமியின் நடை சப்பென்று இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. மேற்கோள் காட்ட ஒரு வரி சிக்கவில்லை என்பார்கள். சிக்காதுதான். அவர் வரிகள் ஒன்றன் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை மட்டும் உருவினால் வெறும் சாதாரண வாக்கியம். கம்பனிலும் காவடிச் சிந்திலும் ஊறியவர், சங்கீதம் தெரிந்தவர். ஓசை மிகுந்த தமிழ் அவருக்கு எழுத வராமல் இல்லை. கதைக்கு அது வேண்டாம் என்று ஒதுக்கினார். அந்தத் துணிவுக்காகவே அவரை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

மாணவர்களே, இந்த இரண்டு கதைகளையும் முதலில் படியுங்கள். அப்புறம் 'குமாரபுரம் ஸ்டேஷன்'. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நீங்கள் எழுதிய கதை ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள். அழுகையும் அடைமொழியும் எங்கெங்கே மிகுந்திருக்கின்றன என்று பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

வணக்கம்.