வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால்

நேயர்களுக்கு வணக்கம். மின்சாரக் கணக்கு என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான். வோல்ட்டில் அளக்கும் மின்னழுத்தத்தை ஆம்பியரில் அளக்கும் மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, அதாவது ஓம். அவற்றையே பெருக்கினால் திறன், அதாவது வாட். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தடை 46 ஓம், திறன் 1150 வாட்.

இந்த வகுத்தலைக் கண்டு சொன்னவர் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த கியார்க் சைமன் ஓம். அந்நாளைய மின்கலங்களின் அழுத்தம், அளந்துகொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். ஆகவே அவர் செம்பையும் பிஸ்மத் என்ற உலோகத்தையும் இரு முனைகளிலும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்சாரம் எடுத்தார். தான் கண்டதை 1827இல் நூலாக வெளியிட்டார். சூத்திரத்தை விட, அதற்காக அவர் பட்ட பாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஹீட்டருக்கு வருவோம். மாலையில் மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இறங்குகிறது. கம்பி அதே கம்பி; தடை 46 ஓம்தான். மின்னோட்டம் 4.35 ஆம்பியராகக் குறைகிறது. பெருக்கிப் பாருங்கள், 870 வாட்! அழுத்தம் குறைந்தது எட்டில் ஒரு பங்கு. திறனோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் கூடவே குறைகிறது. இரண்டு குறைவும் பெருக்கலில் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீர் சுடவில்லை என்று ஹீட்டரைப் பழிப்பதில் பொருளில்லை.

இதே கணக்கு ஆபத்தையும் காட்டிக்கொடுக்கும். சாக்கெட்டில் பிளக் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 5 ஆம்பியர் போகும்போது அங்கே இழக்கும் அழுத்தம் இரண்டரை வோல்ட். யார் கண்ணிலும் படாது. ஆனால் 5ஐ இரண்டரையால் பெருக்கினால் 12.5 வாட். பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிச் சூடு பிளக்கின் ஒரு பின்னில் மணிக்கணக்காக இருந்தால் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகாமல் என்ன செய்யும்? ஓட்டம் 10 ஆம்பியரானால் சூடு இரு மடங்கல்ல, நான்கு மடங்கு: 50 வாட். பிளக் பழுப்பேறியிருந்தால் தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. குண்டு பல்பின் தடையை மல்டிமீட்டரால் அளந்து, அதை வைத்துத் திறனைக் கணக்கிட வேண்டாம். 60 வாட் பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைந்து ஆறிய நிலையில் அளந்தால் இதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேறத் தடையும் ஏறுகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்தில் ஃபியூஸ் ஆவதற்கும் அந்த முதல் கணத்தில் பாயும் கூடுதல் மின்னோட்டம்தான் காரணம். எனவே கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது, வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில் அளந்த கணக்கே கணக்கு.

மின்விசிறி போன்ற மோட்டார்களில் அதுவும் போதாது. மாறுமின்சாரத்தில் அவற்றின் ஓட்டம் அழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருவதால், பெருக்கி வரும் எண் உண்மையான வாட்டை விடக் கூடுதலாகவே இருக்கும். திறன் காரணி என்ற, ஒன்றுக்குக் குறைவான எண்ணால் அதை மறுபடி பெருக்க வேண்டும். இன்வெர்ட்டர் வாங்கும்போது அதன் மேல் வோல்ட்-ஆம்பியர் என்று போட்டிருந்தால், அதை அப்படியே வாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வணக்கம்.