திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

வணக்கம் நேயர்களே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் கொம்தார் கட்டடம் பக்கம் போனால் ஒரு வேலை செய்யுங்கள். எதுவும் வாங்க வேண்டாம். பேருந்து நிலையத்திலிருந்து பிராங்கின் மால் வரை சும்மா நடந்து பாருங்கள். நேப்பாளி காதில் விழும், வங்காளம் விழும், பர்மிய மொழி விழும், ஜாவாக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது விழும். நடுவில், “அப்பத்தா, பணம் வந்துருச்சா?” என்று போனில் கத்திக் கேட்கிற சிவகங்கைத் தம்பி ஒருவரும் இருப்பார். இத்தனை மொழிக்காரர்களுக்கும் ஒரு சுகாதாரத் தகவலை எப்படிக் கொண்டு சேர்ப்பது? அதைப் பற்றித்தான் இன்று வானொலியில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மிஸ்ஸி என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். இப்போது சில தோழிகளோடு சேர்ந்து அந்நியத் தொழிலாளர் விடுதிகளுக்குப் போய்ப் பேசி வருகிறேன். டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல், காசநோய், ஆஸ்பத்திரிச் செலவு என்று மூன்றுக்கும் குறிப்பு எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். எதுவரை போகிறது, பார்ப்போம்.

டிங்கியில் தொடங்குகிறேன். டிங்கிக்கும் நம் பினாங்குக்கும் பழைய உறவு. இங்கே பரவிய டிங்கியைப் பற்றி 1902-லேயே மருத்துவ ஏட்டில் எழுதியிருக்கிறார்கள். இரத்தக்கசிவோடு வருகிற கடுமையான வகை இந்த நாட்டில் முதலில் பதிவானதும் பினாங்கில்தான், 1962-இல். 2019-இல் மட்டும் நாடு முழுக்க 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் டிங்கி வந்து, 182 பேர் இறந்தார்கள்.

ஏடிஸ் கொசு, தேங்கிய தண்ணீர், வாளியைக் கவிழ்ப்பது இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. டிங்கியில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, காய்ச்சல் விடும்போது. மூன்றாம் நாள் தொடங்கி ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். ஆள் எழுந்து உட்காருவார், சுகமாகிவிட்டது என்று எல்லாரும் நினைப்பார்கள். சிலருக்கு அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு. இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மறுபடி சொல்கிறேன், காய்ச்சல் விட்ட பிறகு வயிறு வலித்தால் காத்திருக்கக் கூடாது. இதற்கிடையில் பப்பாளி இலைச் சாறு குடிக்கலாமா என்று எங்கே போனாலும் கேட்கிறார்கள். அதைக் குடித்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், என் கவலை அதுதான்.

இதைத் தமிழில் உங்களுக்குச் சொல்ல ஒரு நிமிடம் ஆனது. பாயான் லெப்பாஸ் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை விடுதியில் சொல்லப் போன கதையைக் கேளுங்கள். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். அந்த விடுதியின் மேல்மாடியில் நின்றால் ஜெரெஜாக் தீவு தெரியும். நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தபோது அந்தத் தீவில் தடுத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதானே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தோட்டத்துக்குப் போனால் காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கிற வரிசையில், நிற்க வைத்துக் கொயினா என்கிற மலேரியா மருந்து. என் பாட்டி அந்தக் கசப்பைப் பற்றி வாய் ஓயாமல் சொல்வார். எதற்காகக் கொடுத்தார்கள் என்று யாராவது விளக்கினார்களா என்று கேட்டால், “குடின்னா குடிக்கணும், வேற என்ன?” என்பார். சரி, அது தனிக் கதை. விடுதிக்கு வருகிறேன்.

அறிவிப்புப் பலகையில் நான்கு மொழிகளில் டிங்கிச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. நல்ல வழவழப்பான தாள், பெரிய கொசுப் படம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விடுதியில்தான் ஒரு நேப்பாளத் தம்பி காய்ச்சல் விட்ட அன்றே இரவு ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் வாந்தி, மயக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவு. நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு விடுதி வார்டன் எங்களைக் கூப்பிட்டார். அவர் நம்ம ஆள்தான்.

வேலை முடிந்து வந்தவர்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தோம். பெரும்பாலும் நேப்பாளிகள், கொஞ்சம் வங்காளதேசிகள். அங்கே சமையல் செய்கிற நேப்பாளப் பெரியவர் ஒருவர், பல வருடமாக இங்கே இருப்பவர். நான் பாசார் மலாயில், அதாவது பேச்சு வழக்கு மலாயில், சொல்ல, அவர் தங்கள் மொழியில் சொன்னார். முடித்ததும் வார்டன், “ஃபஹாம்?”, புரிந்ததா என்றார். “ஃபஹாம், ஃபஹாம்” என்று கூடமே தலையாட்டியது.

இந்தத் தலையாட்டலை நான் நம்புவதே இல்லை. நம் ஆட்களும் இப்படித்தானே. டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டி “ஓகேவா?” என்றால், “ஓகே டாக்டர்.” அறைக் கதவு மூடியதும் என்னிடம் வந்து, “மிஸ்ஸி, அவரு என்ன சொன்னாரு?” புரிந்ததா என்று கேட்டால் யாருமே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் மரியாதை போய்விடும், அல்லது பேச்சு இன்னும் நீளும். பகல் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சு முடிந்தால் போதும்.

அதனால் நான் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன். “உங்கள் அறைத் தோழருக்கு நாலு நாள் காய்ச்சல். இன்றைக்கு விட்டுவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் கேட்கிறேன்.”

முதலில் ஒருவர், கேஸ்டிரிக் மாத்திரை கொடுப்பேன் என்றார். இரண்டாமவர் வலி மாத்திரை என்றார். சமையல்காரப் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது, இப்போதுதானே சொன்னேன் என்று. மூன்றாவதாக ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது போல் இருந்தது, மெதுவாகச் சொன்னான்: “தீதி, ஆஸ்பத்திரிக்குப் போகணும், தெரியும். ஆனா பதினோரு மணிக்கு மேல் கேட் பூட்டிடுவாங்க. வார்டன் சொல்லாம காவலாளி திறக்க மாட்டார். வார்டன் வீடு கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில். ஆஸ்பத்திரிக்குப் போனா முன்பணம் கேட்பாங்க. அது யார் கட்டுவாங்க?”

கூடம் அப்படியே அமைதியாகிவிட்டது. நான்கு மொழிச் சுவரொட்டியில் இந்தக் கேட் இல்லை, முன்பணம் இல்லை. எட்டு மொழியில் அச்சடித்தாலும் இருக்காது. அந்தப் பையனைக் கேட்டிருக்காவிட்டால் எங்களுக்கும் தெரிந்திருக்காது. வார்டன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தலையைச் சொறிந்தார். “எழுதி ஒட்டிடுறேன் மிஸ்ஸி. நான் போன் எடுக்கலைன்னா காவலாளியே 999 கூப்பிடலாம்னு எழுதிடுறேன்” என்றார். அந்த வாரமே காவல் கொட்டகையில் தாள் ஒட்டியாகிவிட்டது. முன்பணம் பற்றி நிர்வாகத்தோடு பேச அதற்கு மேலும் பல நாள் இழுத்தது.

இதற்காகத்தான் எங்கே போனாலும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். என் தோழிகளுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மருத்துவப் படிப்பிலும் இந்த முறையைச் சொல்லித் தருகிறார்கள், நான் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் வாத்தியார் கேள்வி கேட்பது போலக் கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். “நான் ஒழுங்காகச் சொன்னேனா பார்க்கிறேன்” என்று பாரத்தை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வருகிற பதிலில் பாதி அவர்களுக்குப் புரியாததைக் காட்டும். மீதி நாம் யோசிக்காததைக் காட்டும்.

இதை மிஸ்ஸிகள் மட்டும்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை, நகைக்கடை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கடை மாடியில் நாலைந்து தம்பிகள் தங்கியிருப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பெனடால், அதாவது பாரசிட்டமால், அதோடு நிறுத்துங்கள். உடம்பு வலிக்கு அவர்கள் வாங்கிப் போடுகிற மற்ற வலி மாத்திரைகள் டிங்கியில் இரத்தக்கசிவைக் கூட்டலாம். காய்ச்சல் விடுகிற நாளைக் கவனியுங்கள். அப்படியே மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தம்பிகளின் வேலை இல்லை, உங்கள் வேலை. ஏடிஸ் புழு கண்டுபிடித்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் கட்டிடத்துக்குப் பொறுப்பானவருக்குத்தான் வரும்.

இப்போது மொழிக்கு வருகிறேன். பர்மாவிலிருந்து வந்தவர் எல்லாருக்கும் பர்மிய எழுத்து போதும் என்று நினைக்கிறோம். சின் மாநிலத்துக்காரர்களிடையே ஹாக்கா, ஃபாலாம், தெடிம் என்று தனித்தனி மொழிகள் இருக்கின்றன. ரோஹிங்யா மக்களில் பெரும்பாலோர் தங்கள் மொழியைப் பேசுவார்கள், எழுதுவதில்லை. எந்த எழுத்தையும் படிக்கத் தெரியாதவர்களும் நிறைய. அவர்களிடம் துண்டுப்பிரசுரம் கொடுப்பதில் என்ன பயன்? குரல்தான் போய்ச் சேரும். அவர்கள் ஆள் ஒருவரே, அவர் பேச்சிலேயே, ஒரு நிமிடத்துக்குள் பதிவு செய்து புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், அனுப்ப வேண்டும். ஒரு பதிவுக்கு ஒரே விஷயம். தொடங்கும்போதே தேதியையும் ஊரையும் சொல்ல வையுங்கள். 2020-இல் வந்த கொரோனாக் குரல் பதிவெல்லாம் நேற்று வந்தது போல வருடக்கணக்கில் சுற்றியது நினைவிருக்கும். அப்புறம், பள்ளிக்குப் போகிற பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். அம்மாவுக்கு வந்த நோயைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது கொடுமை.

குரல் போய்ச் சேர்ந்தாலும் நம்பிக்கை வேண்டும். 2020 மே முதல் தேதி, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், கொரோனாவுக்காக அடைத்து வைத்திருந்த பகுதியிலேயே, பெர்மிட் இல்லாதவர்களைப் பிடிக்கக் குடிநுழைவுச் சோதனை நடந்தது. அது சரியா தவறா என்று வாதாட எனக்கு இப்போது நேரமில்லை. ஆனால் அதற்குப் பிறகு, பரிசோதனைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் பெர்மிட் இல்லாதவர் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எங்களிடம் முதலில் வருகிற கேள்வி நோயைப் பற்றி இருக்காது. “பெயர் எழுதுவீங்களா?” என்பார்கள். எழுதுவீர்களா, மாட்டீர்களா என்பதை முதலிலேயே நேராகச் சொல்லிவிட வேண்டும். எந்தக் கிளினிக்கில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு போய்ப் பேசுங்கள். தெரியாமல் தைரியம் கொடுத்துவிட்டு அவர் மாட்டிக்கொண்டால், அந்த விடுதியில் அடுத்து யாரும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். காசநோய்க்கு அரை மணி நேரப் பேச்சு வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை. காசநோய் என்று தெரிந்தால் சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். சில வாரத்திலேயே உடம்பு தேறிவிடும், அப்போது மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம். தொழிலாளர்கள் பாதியில் வேலை மாறுவார்கள், ஊர் மாறுவார்கள். போகிற இடத்தில் எந்தக் கிளினிக்கில் மருந்து என்று கேட்டு, சிகிச்சைக் குறிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றி ஒரே ஒரு வரி. நமக்கு ஒரு வெள்ளியில், அதாவது ஒரு ரிங்கிட்டில், முடிகிற கிளினிக் சிகிச்சைக்கு அவர்களுக்குப் பல மடங்கு கட்டணம். ஆனால் பெர்மிட் உள்ளவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி இருக்கும், வேலையிடத்து விபத்துக்கு 2019 தொடங்கி பெர்கேசோ என்கிற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்பும் உண்டு. அந்தக் காப்புறுதி அட்டை முதலாளியின் மேசை இழுப்பறையில் கிடந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு உதவாது, ஒரு படமாவது எடுத்து அவர்கள் கைத்தொலைபேசியில் போட்டு வையுங்கள். விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம் நேயர்களே.