உண்மை தெரிந்த பிறகுதான் கதை

வணக்கம், நண்பர்களே.

அரசியல் குற்றக் கதை ஒன்றின் திரைக்கதை கைக்கு வந்தால் அதன் பலம் எது, பலவீனம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைத்தான் இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஸ்கிரிப்டைப் படித்து முடித்ததும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது ஒன்றைத்தான்: குற்றவாளி யார் என்பது எந்தப் பக்கத்தில் தெரிகிறது?

ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. 120 பக்க ஸ்கிரிப்டில் 110ஆம் பக்கத்தில்தான் "கொலைக்குப் பின்னால் இருந்தது அமைச்சர்" என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் நல்ல துப்பறியும் கதை ஒன்றை எழுதியிருக்கலாம். ஆனால் அரசியல் கதை அங்கே இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. சாதாரணக் குற்றக் கதையில் ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் விலங்கு மாட்டி அழைத்துப் போய்விடலாம். அரசியல் குற்றத்தில் தெரிந்த பிறகுதான் சிக்கலே. தெரிந்ததை யாரிடம் போய்ச் சொல்வது? புகாரை வாங்க வேண்டியவரே அதில் பங்காளி என்றால்? சாட்சிக்கு யார் காவல்? இந்தக் கேள்விகளுக்குப் பத்துப் பக்கம் போதாது. பாதிக் கதையாவது வேண்டும்.

1963 மே மாதம் கிரீஸ் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். கிரிகோரிஸ் லாம்ப்ராகிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தெசலோனிகி நகரில் சமாதானக் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டு வெளியே வருகிறார். சுற்றிலும் போலீஸ் நிற்கிறது. ஒரு மூன்று சக்கர வண்டி பாய்ந்து வருகிறது, அதிலிருந்தவர் தலையில் அடிக்கிறார். சில நாட்களில் லாம்ப்ராகிஸ் இறந்துபோகிறார். சாலை விபத்து என்று சொல்லி முடிக்கப் பார்த்தார்கள். விசாரணை நீதிபதி சார்ட்செடாகிஸ் அதை ஏற்காமல், போலீஸ் அதிகாரிகள் வரைக்கும் போனார். கோஸ்டா காவ்ராஸ் இதை வைத்துத்தான் 1969இல் 'இசட்' படத்தை எடுத்தார். அடித்தவர்கள் யார் என்பதை அந்தப் படம் ரகசியமாக வைத்துக்கொள்வதில்லை. அதிகாரிகள் மேல் குற்றம் சாட்டப்படுகிற இடத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. அதற்குப் பிறகு சாட்சிகளுக்கு என்ன ஆயிற்று, அந்த நீதிபதிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லித்தான் முடிகிறது. பார்க்கிறவருக்கு நெஞ்சு அடைத்துப்போவது அந்த இடத்தில்தான்.

அடுத்து நான் பார்ப்பது, குற்றம் மேலிருந்து கீழே எப்படி வந்தது என்பது. பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இப்படி ஒரு காட்சி வரும்: அமைச்சர் போனை எடுக்கிறார், "கேஸை முடிச்சிடு" என்கிறார், வைத்துவிடுகிறார். பின்னணி இசை அதிர்கிறது. இந்த அமைச்சர் இத்தனை வருடம் பதவியில் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்படிப் பேசுகிற ஆளை முதல் விசாரணையிலேயே பிடித்துவிடலாமே.

அதே காட்சியை வேறு மாதிரி எழுதிப் பார்க்கலாம். அமைச்சர் ஏதோ ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே காவல் அதிகாரி நிற்கிறார். "போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் நாளைக்கு வந்துடும் சார்." அமைச்சர் தலை நிமிரவில்லை. "எதுக்கு அவசரப்படுத்துறீங்க? பாவம், டாக்டருக்கும் எவ்வளவோ வேலை. நல்லா பாத்து, நிதானமா எழுதச் சொல்லுங்க." அதிகாரி சரி என்று சொல்லிவிட்டு, போகாமல் ஒரு நொடி நிற்கிறார். தனக்கு இடப்பட்ட உத்தரவு என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நமக்கும் புரிந்துவிட்டது. நாளை நீதிமன்றத்தில் அந்தப் பேச்சை அப்படியே போட்டுக் காட்டினாலும், நல்ல மனிதர் ஒருவர் டாக்டர் மேல் இரக்கப்பட்டதாகத்தான் கேட்கும். "நல்லா பாத்து" என்ற சொல்லுக்குள் ஒரு பொய் ரிப்போர்ட் இருக்கிறது. இப்படி ஒரு காட்சி இருந்தால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் அடையாளம் போட்டு வைப்பேன். பிற்பாடு தயாரிப்பாளர் 'இந்த சீன் கொஞ்சம் ஸ்லோ' என்று வெட்டச் சொன்னாலும் விட்டுக்கொடுக்கக் கூடாத காட்சி இது.

உத்தரவே இல்லாமல் நடக்கிற குற்றம் பழைய விஷயம். 1170 டிசம்பரில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றி, பேராயர் தாமஸ் பெக்கெட் மேல் இருந்த ஆத்திரத்தில் வாய்விட்டுக் குமுறினான். கேட்டுக்கொண்டிருந்த நான்கு வீரர்கள் புறப்பட்டுப் போய், கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். மன்னன் கொல்லச் சொன்னானா, சொல்லவில்லையா? ஒரு முழுத் திரைக்கதையை இந்த ஒரு கேள்வி தாங்கும்.

சரி, காரணத்துக்கு வருவோம். எதற்காகக் குற்றம் செய்தான் என்று கேட்டால் 'பதவி ஆசை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற ஸ்கிரிப்டுகள் நிறைய. அமெரிக்காவின் வாட்டர்கேட் விவகாரத்தை யோசித்துப் பாருங்கள். 1972 ஜூன் 17 அதிகாலை, வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபடுகிறார்கள். அதிபர் நிக்சனின் தேர்தல் குழுவோடு தொடர்புடையவர்கள் அவர்கள். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் நிக்சன் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். அவ்வளவு பெரிய வெற்றிக்கு அந்தத் திருட்டு வேலை தேவையே இல்லை. அப்புறம் ஏன்? ஜெயிக்கப்போகிறவனுக்கும் பயம் இருக்கிறது. எதிரி கையில் என்ன இருக்கிறதோ என்ற பயம். ஆசையைக் காரணமாக வைத்து எழுதப்பட்ட வில்லனை விட, பயத்தைக் காரணமாக வைத்து எழுதப்பட்டவன்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்வான். அவன் அடுத்து என்ன செய்வான் என்று ஊகிக்க முடியாது.

அந்தச் சம்பவம் வெளியே வந்த விதமும் எழுதுகிறவர்களுக்குப் பாடம். கதவுப் பூட்டு விழாமல் இருக்க டேப் ஒட்டியிருந்ததைக் காவலாளி ஃபிராங்க் வில்ஸ் பார்க்கிறார், பிய்த்துப் போடுகிறார். திரும்ப வந்து பார்த்தால் மறுபடியும் டேப். உடனே போலீசுக்குச் சொல்கிறார். எத்தனை சாதாரணமான தடயம்! ஸ்கிரிப்டில் இந்த இடத்துக்கு நாம் என்ன எழுதுகிறோம்? ரகசிய பென் டிரைவ். எல்லா ஆதாரமும் ஒரே பென் டிரைவில், அதற்கு ஒரு துரத்தல் காட்சி. குற்றத்தோடு ஒட்டிப் பிறந்த தடயமாக இருந்தால் அது கதை. கதாசிரியர் கொண்டுவந்து வைத்த தடயம் என்றால் ரசிகனுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது.

கிளைமாக்ஸ் பற்றி என் கருத்து கடுமையானதுதான். வில்லன் பேசியது தொலைக்காட்சியில் நேரலையாகப் போகிறது, ஊரே கொதிக்கிறது, ஆட்சி கவிழ்கிறது. இதை நான் பலவீனம் என்றே குறிப்பேன். அந்த ஐந்து பேர் பிடிபட்ட நாளிலிருந்து நிக்சன் பதவி விலகிய 1974 ஆகஸ்ட் வரை இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் பத்திரிகைச் செய்திகள், 1973இல் செனட் விசாரணை, நிக்சன் தன் அலுவலகத்தில் பேசியது பதிவான ஒலிநாடாக்களுக்காக நீதிமன்றப் போராட்டம். அவற்றை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்பளித்த பிறகுதான் கதை முடிவுக்கு வந்தது. உண்மை தானாக எதையும் கவிழ்ப்பதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்ட ஆள் வேண்டும், ஒரு கதவாவது திறக்கவும் வேண்டும். எந்தக் கதவு, ஏன் திறந்தது என்று ஸ்கிரிப்ட் சொல்லியாக வேண்டும். எதுவும் திறக்கவில்லை என்று முடித்தாலும் சரிதான், அதற்கும் காரணம் கதைக்குள் இருக்க வேண்டும்.

வில்லன் தரப்புக்கும் ஒரு நியாயம் வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது, நீட்டவில்லை. சட்ட நடைமுறையில் ஓட்டை இருந்தால் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும். அதற்காக ஒரு நல்ல ஸ்கிரிப்டை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒதுக்காமல் இருக்க இன்னொரு வழி, இரண்டாம் முறை படிக்கும்போது ஹீரோவையும் வில்லனையும் விட்டுவிட்டு சின்னப் பாத்திரங்களை மட்டும் பின்தொடர்வது. டிரைவர், உதவியாளர், கோப்பை எடுத்து வருகிற குமாஸ்தா. அரசியல் குற்றத்தில் எல்லாம் தெரிந்தவர்கள் இவர்கள்தான், வாயைத் திறந்தால் முதலில் இழப்பவர்களும் இவர்கள்தான். ஒவ்வொருவருக்கும் இழக்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மேலே எத்தனை குறை இருந்தாலும் அந்த எழுத்தாளருக்குத் தன் உலகம் தெரியும் என்று அர்த்தம்.

கருத்தை எழுதிக் கொடுக்கும்போது "செகண்ட் ஹாஃப் டல்" என்று எழுதாதீர்கள். அதை வைத்துக்கொண்டு எழுதியவர் என்ன செய்வார்? "48ஆம் பக்கத்தில் டிரைவரின் மகளைக் காட்டி மிரட்டுகிறார்கள். 62இல் அவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொள்கிறார். நடுவில் மகள் எங்கே இருக்கிறாள்?" என்று எழுதுங்கள். அவர் அன்று ராத்திரியே உட்கார்ந்து ஒரு காட்சி எழுதிவிடுவார்.