இரண்டு கடிகாரங்களும் ஒரு நாற்காலியும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நம்பிக்கை என்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் ஒரு வழியாக இருக்க முடியுமா என்பது தலைப்பு. முடியும் என்பது எங்கள் அணி. எல்லா நம்பிக்கையும் ஏமாற்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஓர் உதாரணம் நிலைத்துவிட்டாலே எங்களுக்குப் போதும். அந்த ஒன்றை மட்டும் சற்று நிதானமாகச் சொல்லப் போகிறேன். அதுவரை நடுவரின் கை மணியிலிருந்து விலகியிருக்கட்டும்.

1954-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் சிகாகோ நகரை ஒட்டிய ஒரு வீட்டில் சிறு கூட்டம் ஒன்று கூடியிருந்தது. 21-ஆம் தேதி விடிவதற்குள் பெருவெள்ளம் வரும், அதற்கு முன் நள்ளிரவில் வேற்றுலகத்தார் வந்து நம்பியவர்களைப் பறக்கும் தட்டில் ஏற்றிச் செல்வார்கள் என்று அந்த வீட்டுப் பெண்மணிக்குச் செய்தி வந்திருந்தது. பறக்கும் தட்டுக்கு உலோகம் ஆகாதாம். எனவே உடையில் இருந்த உலோகத்தையெல்லாம் அகற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். நள்ளிரவுக்கு அரை மணி நேரம்கூட இல்லாதபோது, ஒருவருடைய காற்சட்டையில் ஜிப்பு அப்படியே இருப்பது தெரியவந்தது. வீடே பதறியது. அவரை அறைக்குள் இழுத்துச் சென்று, கை நடுங்க நடுங்கச் சவர அலகால் அந்த ஜிப்பை அறுத்தெடுத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காற்சட்டைக்கு உரியவர் பக்தரே அல்லர். லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவைச் சேர்ந்த, நம்புவதாக நடித்து உள்ளே நுழைந்த ஆய்வாளர். அந்த வீட்டில் பிறரை ஏமாற்றியவர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை. தங்களை ஏமாற்றிக்கொண்டவர்கள் பிறரை ஏமாற்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் போனது ஒரு காற்சட்டை.

இனிமேல்தான் கதையே. மணி பன்னிரண்டு ஆயிற்று, பன்னிரண்டு ஐந்தும் ஆயிற்று, யாரும் வரவில்லை. அப்போது ஒருவர் கண்ணில் அறையில் இருந்த இன்னொரு கடிகாரம் பட்டது. அதில் மணி பதினொன்று ஐம்பத்தைந்து. எது சரியான கடிகாரம்? விசாரித்தால் தெரிந்துவிடும். அவர்களோ, பின்தங்கி ஓடிய கடிகாரமே சரி, இன்னும் நள்ளிரவு ஆகவில்லை என்று முடிவு செய்தார்கள். நடுவர் அவர்களே, என் வாதம் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்கியிருக்கிறது. அவர்கள் வெறும் அறியாதவர்களாக இருந்திருந்தால் கடிகாரத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பார்த்தார்கள், புரிந்தது, புரிந்தது பிடிக்கவில்லை. ஆகவே வேறு கடிகாரத்தைப் பார்த்தார்கள். நெஞ்சறியப் பொய் சொல்வது என்கிறோமே, அந்தப் பொய்யை அந்த நெஞ்சுக்கே சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாவது கடிகாரமும் பன்னிரண்டு அடித்தது. நான்கு மணிவரை திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்மணி அழத் தொடங்கினார். நாலேமுக்காலுக்குப் புதிய செய்தி வந்தது: இந்தச் சிறு கூட்டம் இரவெல்லாம் பரப்பிய ஒளியால் உலகம் காப்பாற்றப்பட்டுவிட்டது! அதுவரை விளம்பரத்துக்குக் கூசியவர்கள் அன்றே பத்திரிகைகளைத் தொலைபேசியில் அழைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் 1956-இல் வெளியிட்ட நூல் சொல்கிறது. அந்த ஆய்வாளர்களே கூட்டத்தின் போக்கில் தலையிட்டார்கள் என்ற கண்டனம் பின்னாளில் எழுந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் நானும் மெதுவாக ஓடும் கடிகாரத்தைப் பார்த்தவனாகிவிடுவேன்.

இனி, எதிரணி அம்மையாரின் கேள்விக்கு வருகிறேன். ‘உட்காருவதற்கு முன் நாற்காலியின் கால்களைச் சோதித்தீர்களா? நம்பித்தானே உட்கார்ந்தீர்கள்? அப்படியானால் நீங்களும் உங்களை ஏமாற்றிக்கொண்டவர்தானே?’ என்று என்னைக் கைகாட்டிக் கேட்டார். பலத்த கைதட்டலும் பெற்றார். கைதட்டியவர்களில் என் அணியினர் இருவர் இருந்ததையும் நான் கவனித்தேன். அம்மையாரே, என் உடல்வாகு கொண்டவன் எந்த நாற்காலியையும் சோதிக்காமல் உட்காருவதில்லை. இருந்தாலும் சோதிக்காமலே உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலி முறிகிறது, நான் விழுகிறேன். தரையில் கிடந்தபடியே, ‘நான் விழவில்லை, என் பக்தியை மெச்சி நாற்காலி என்னைத் தாழ்வாக அமர்த்தியிருக்கிறது’ என்று சொல்வேனா? முதுகைத் தடவிக்கொண்டு எழுந்து வேறு நாற்காலி கேட்பேன். அப்படிக் கேட்கிற வரைக்கும் அது நம்பிக்கைதான்; அதில் எங்களுக்கு வழக்கு இல்லை. எழ மறுத்து, உட்கார்ந்திருப்பதாகவே சாதிக்கிறாரே ஒருவர், அவர்தான் எங்கள் தலைப்பு. அதோடு நில்லாமல், சுற்றி நிற்பவர்களையும் ‘வாருங்கள், இந்த நாற்காலியில் நீங்களும் உட்காருங்கள்’ என்று அழைப்பவர் அந்த வீட்டிலிருந்து பத்திரிகைகளை அழைத்தவர். நாற்காலியை அம்மையார் எனக்கு எதிராகக் கொண்டுவந்தார். அது நான்கு காலோடும் எங்கள் அணிக்கு வந்துவிட்டது.

நம்பியது பலித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-இலேயே அதற்கு விடை சொல்லிவிட்டார். பழைய கப்பலைப் பழுது பார்க்க வேண்டும் என்ற உறுத்தலை, இறைவன் காப்பான் என்று சொல்லி அடக்கி, மனப்பூர்வமாக நம்பிப் பயணிகளை அனுப்பிய ஒரு முதலாளியை அவர் கற்பனை செய்தார். கப்பல் மூழ்கியது, காப்பீட்டுப் பணம் கைக்கு வந்தது. அது பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்றார் கிளிஃபோர்ட்.

இன்னும் இரண்டு குறிப்புகள் தாளில் இருக்கின்றன. அவற்றை மடித்துவைத்துவிட்டு ஒன்றைச் சொல்கிறேன். என் தந்தையார் கடைசியாகப் படுத்திருந்தபோது, மருத்துவர் எங்களைத் தனியே அழைத்து, இனிமேல் சிகிச்சை இல்லை என்று சொல்லிவிட்டார். நாங்கள் கேட்டோம், புரிந்தது, புரிந்தது பிடிக்கவில்லை. கட்டிலருகே வந்து, ‘நம்பிக்கையோடு இருங்கள் அப்பா, எல்லாம் சரியாகிவிடும்’ என்றோம். அவரிடம் சொன்னதை மாலைக்குள் நாங்களே நம்பவும் தொடங்கிவிட்டோம். மறுநாள் அவர் என் கையைப் பிடித்து, ‘எனக்குப் பிறகு நீ...’ என்று தொடங்கினார். ‘அப்படியெல்லாம் பேசாதீர்கள்’ என்று நான் தடுத்துவிட்டேன். இரவில் மறுபடியும் தொடங்கினார், மறுபடியும் தடுத்தேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ‘சரிதான், எல்லாம் சரியாகிவிடும்’ என்றார். அவர் நம்பவில்லை, நடுவர் அவர்களே, எனக்காகச் சொன்னார். விடியவில்லை, போய்விட்டார். ‘எனக்குப் பிறகு நீ’ என்ற அந்த வாக்கியத்தின் மீதி எனக்கு இன்றுவரை தெரியாது.

வணக்கம்.