மீ கோரிங்: ஒரு தடவைக்கு ஒரு தட்டு

நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்.

மீ என்பது ஹொக்கியன் சீனர்களின் சொல், நூடுல்ஸ் என்று பொருள். கோரிங் மலாய்ச் சொல். வறுத்தது, பொரித்தது என்று பொருள். சீனர்களின் மஞ்சள் மீயை வாங்கி, அதில் மிளகாய்ச் சாந்தும் அவித்த உருளைக்கிழங்கும் சேர்த்துப் பிரட்டியவர்கள் மாமாக் என்று இங்கே மலேசியாவில் அழைக்கப்படும் நம் தமிழ் முஸ்லிம்கள். அதனால் இதைப் பேசும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

என் அத்தா பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தள்ளுவண்டிக் கடையில் மீ வறுத்தவர். எத்தனை பேர் காத்து நின்றாலும் இரண்டு தட்டுக்கு மேல் ஒன்றாகப் போட மாட்டார். "நிறையப் போட்டால் அவியும், வறுபடாது" என்பார்.

வீட்டில் மீ கூழாகிப் போவதற்குக் காரணம் இதுதான். கடை அடுப்பின் தீ நம் வீட்டு அடுப்பில் கிடையாது. நான்கு பேருக்கான மீயை ஒரேயடியாகக் கொட்டினால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கிவிடுகிறது. மீயும் தவ்கே எனும் பயறு முளையும் விடும் தண்ணீர் ஆவியாகாமல் அடியிலேயே தேங்குகிறது. நான்கு பேர் என்றால் நான்கு தடவை வறுங்கள். ஒரு தட்டுக்கு மூன்று நான்கு நிமிடம் போதும்.

சாந்தை முன்பே செய்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மிளகாய் பதினைந்தை வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம், பூண்டுடன் அரைத்து, எண்ணெய் பிரியும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். பச்சை வாடை இருந்தால் எல்லாம் வீண். அத்தா இதில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்துச் சேர்ப்பார். இனிப்புக்கு இனிப்பு, சாந்தும் மீயோடு ஒட்டிக்கொள்ளும்.

மீயின் மஞ்சள் நிறம் முட்டையால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் அப்பளக் காரம் போன்ற ஒன்றை மாவில் சேர்ப்பதால்தான் அந்த நிறமும் இழுவையும். அதன் வாடை போக, மீயை வெந்நீரில் ஒருமுறை அலசி, நன்றாக வடியவிடுங்கள்.

இரும்புச் சட்டியில் எண்ணெய் லேசாகப் புகையும்போது பூண்டு, உருளைக்கிழங்கு, பொரித்த தவ்வு (சோயாக் கட்டி), இரண்டு கரண்டி சாந்து. அடுத்து மீ. கிச்சாப்பை, அதாவது சோயா சாஸை, மீயின்மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் விடுங்கள், சுண்டி மணக்கும். மீயை ஒதுக்கி முட்டையை உடைத்து ஊற்றி, அது பாதி இறுகியதும் சேர்த்துக் கிளறுங்கள். தவ்கே கடைசியில்தான், இரண்டு பிரட்டு போதும், நறுக்கென்று இருக்க வேண்டும். தட்டில் போட்ட பிறகு எலுமிச்சை பிழியுங்கள்.

முதல் தட்டை வாங்கியவர் உடனே சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் முதலில் சாப்பிடுவோம். கடைசித் தட்டு எப்போதும் அம்மாவுக்கு. சட்டி நன்றாகக் காய்ந்து, அடியில் பிடித்த சாந்தெல்லாம் அந்தத் தட்டில்தான் வந்து சேரும். அத்தா அதை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

நன்றி, வணக்கம்.